எலும்புக்குப் பரவிய பிறகு நடக்கலாமா, படுத்திருக்க வேண்டுமா?

14 நவம்பர் 2024 – கரூரிலிருந்து ஒரு வாசகியின் கேள்வி

அப்பாவுக்கு 71 வயது. புரோஸ்டேட் புற்றுநோய் முதுகெலும்புக்கும் இடுப்புக்கும் பரவியிருக்கிறது. நாற்பது வருடம் தறிக்கூடத்தில் நின்று வேலை பார்த்தவர். இப்போது காலை எழுந்ததும் நடக்கப் போகிறேன் என்று செருப்பைத் தேடுகிறார். அம்மா செருப்பை ஒளித்து வைத்துவிட்டார். எலும்பெல்லாம் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டிருக்கும், தடுக்கினால் நொறுங்கிவிடும் என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். படுக்க வைப்பதுதான் சரி என்று எனக்கும் தோன்றுகிறது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

14 நவம்பர், இரவு

செருப்பைத் திருப்பிக் கொடுங்கள். மீதியை நாளைக்கு எழுதுகிறேன். இன்று ஊசி போட்டுக்கொண்டு வந்த களைப்பு.

15 நவம்பர்

நேற்று எழுதியதைக் காலையில் படித்துப் பார்த்தேன். பாதி தப்பு. செருப்பைக் கொடுப்பதற்கு முன்னால் அப்பாவின் ஸ்கேன் அறிக்கையை எடுத்துக்கொண்டு போய் மருத்துவரிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: எந்த எலும்பு, எவ்வளவு தூரம் அரித்திருக்கிறது, அதன்மேல் பளு ஏற்றலாமா? வெறுமனே 'எலும்புக்குப் பரவிவிட்டது' என்பது, ஊரைச் சொல்லாமல் 'ஒரு டிக்கெட் கொடுங்கள்' என்று கேட்பது மாதிரி. எதைக் கிழித்துக் கொடுப்பது?

நான் முப்பத்தோரு வருடம் கண்டக்டராக இருந்தவன். வயது 66. ஸ்ரீரங்கம். 2022 ஆகஸ்டில் சிறுநீர் கழிக்கச் சிரமமாக இருக்கிறது என்று போனேன், பி.எஸ்.ஏ. (புரோஸ்டேட் நோய்க்கான ரத்தப் பரிசோதனை) 212 என்று வந்தது. எலும்பு ஸ்கேன் படத்தில் கறுப்புப் புள்ளிகள்: இடுப்பெலும்பின் இரண்டு பக்கமும், முதுகின் கீழ்ப்பகுதியில் ஒரு முள்ளெலும்பு, வலப்பக்கம் இரண்டு விலா, இடது தொடை எலும்பின் மேல்முனை. ஆண் சுரப்பை அடக்க மூன்று மாதத்துக்கு ஒரு லூப்ரோலைடு ஊசி. தினமும் வெறும் வயிற்றில் அபிராடிரோன் நான்கு மாத்திரை, கூடவே பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு. எலும்புக்கு ஜோலெட்ரோனிக் அமிலம், நரம்பில் ஏற்றுவது.

முதல் நான்கு மாதம் என்னையும் படுக்க வைத்தார்கள். யாரையும் குறை சொல்லவில்லை, அன்புதான். மகன் கட்டிலுக்குக் கம்பி வைத்துக் கொடுத்தான். மருமகள் தட்டைக் கையில் கொண்டுவந்து கொடுத்தாள். டிசம்பர் கடைசியில் ஒரு நாள் மின்சாரம் போய், யாரையும் கூப்பிடக் கூச்சப்பட்டு, கழிப்பறைக்கு நானே எழுந்தேன். கட்டிலிலிருந்து ஏழு அடி. மூன்றாவது அடியில் முட்டி நடுங்கியது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வலி ஒன்றும் இல்லை, பலம்தான் இல்லை. தொடையைப் பிடித்துப் பார்த்தால் துவைத்துப் பிழிந்த துண்டு மாதிரி இருந்தது.

16 நவம்பர்

விட்ட இடம். ஆண் சுரப்பை அடக்கும் ஊசி தசையைக் கரைக்கிறது, கொழுப்பைக் கூட்டுகிறது, எலும்பின் அடர்த்தியையும் குறைக்கிறது. கூடவே தினமும் விழுங்கும் ஸ்டீராய்டும் தசையைத் தின்னும். இந்த இரண்டையும் வாங்கிக்கொண்டு படுத்தும் இருந்தால் மூன்று பேர் சேர்ந்து ஒருவனை அடிக்கிற கதைதான். வேட்டி இடுப்பில் இறுகி, தொடையில் தொளதொளவென்று தொங்கும். உங்கள் அப்பா செருப்பைத் தேடுகிறார் என்றால் அவருக்கு இன்னும் அந்தப் பலம் இருக்கிறது என்று அர்த்தம். போன பிறகு தேடமாட்டார்.

21 நவம்பர்

கரூர் வாசகி பதில் எழுதியிருக்கிறார்: மருத்துவர் 'பார்த்து நடக்கச் சொல்லுங்கள்' என்றாராம். பார்த்து என்றால் என்ன என்று கேட்கிறார். நியாயமான கேள்வி. வரிசையில் நாற்பது பேர் நிற்கும்போது மருத்துவரிடம் இதற்கு மேல் வாங்குவது கஷ்டம். இயன்முறை மருத்துவரிடம் போக ஒரு சீட்டு எழுதித் தரச் சொல்லுங்கள். சீட்டில் எந்தெந்த எலும்பு என்று எழுதியிருக்க வேண்டும். எனக்குப் பயிற்சி சொல்லிக் கொடுத்தது இருபத்தாறு வயதுப் பெண். அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

24 நவம்பர்

அந்தப் பெண் முதல் நாள் என்னை ஒரு பயிற்சியும் செய்யச் சொல்லவில்லை. ஸ்கேன் அறிக்கையை இரண்டு முறை படித்தாள். பிறகு, "சார், ஓடுகிற பஸ்ஸில் இரண்டு கையும் விட்டுவிட்டு எப்படி நிற்பீர்கள்? நின்று காட்டுங்கள்" என்றாள்.

நின்று காட்டினேன். இடுப்பை இருக்கைக் கம்பியில் சாய்த்து, ஒரு காலை அரை அடி முன்னால் வைத்து, முட்டியை லேசாகத் தளர்த்தி, பையை வயிற்றில் அணைத்து. டிரைவர் பிரேக் போட்டால் பின்கால் வாங்கிக்கொள்ளும். வளைவில் திரும்பினால் இடுப்பு வாங்கிக்கொள்ளும். முதுகு மட்டும் நேராகவே இருக்கும். குனிந்தால் சில்லறை கொட்டிவிடும். அவள் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "நான் ஆறு வாரத்தில் சொல்லித் தருவதை நீங்கள் முப்பது வருடமாகச் செய்திருக்கிறீர்கள். இதை மறக்காமல் இருந்தால் போதும்."

கம்பிக்குப் பதில் அடுப்படி மேடை. அதில் இடுப்பைச் சாய்க்காமல், தேவைப்பட்டால் பிடித்துக்கொள்ளத் தொடும் தூரத்தில் நிற்க வேண்டும். ஒரு காலுக்கு முன்னால் இன்னொரு கால், கோடு போட்ட மாதிரி. பத்து எண்ணிக்கை. பிறகு கால் மாற்றம். விழாமல் இருப்பதுதான் முதல் பயிற்சி, மற்றதெல்லாம் பிறகு என்றாள். இரண்டாவது, நாற்காலி. கையை மார்பில் கட்டிக்கொண்டு முப்பது வினாடியில் எத்தனை முறை எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுவது. 2023 ஜனவரியில் எனக்கு நான்கு. ஐந்தாவதில் பாதி எழுந்து தொப்பென்று விழுந்தேன். நல்லவேளை நாற்காலி அங்கேயே இருந்தது. இப்போது பதினொன்று.

25 நவம்பர்

ஒருவர் கேட்கிறார்: நடந்தால் ரத்த ஓட்டம் கூடி நோய் இன்னும் பரவாதா? என் மருத்துவரிடம் நானும் இதையே கேட்டேன். "படுத்திருந்தால் ரத்தம் நின்றுவிடுமா?" என்று திருப்பிக் கேட்டார்.

2 டிசம்பர்

செய்யக்கூடாதவை எவை என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். முதுகெலும்பில் நோய் இருப்பவர்களுக்கு அந்தப் பெண் சொன்னதைச் சொல்கிறேன். முதுகை வளைத்துக் குனிவது, இடுப்பைத் திருகுவது, இரண்டையும் சேர்த்துச் செய்வது. மூன்றாவதுதான் மோசம். பளுவோடு சேர்ந்தால் படுமோசம். சொல்லும்போது சுலபம். நம் வீட்டில் ஒரு நாளைக்கு எத்தனை முறை குனிந்து திரும்புகிறோம் என்று எண்ணிப் பாருங்கள். தரையில் இலை போட்டுச் சாப்பிடுவது, குழாயடியில் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைப்பது, கட்டிலுக்கு அடியில் போன செருப்பை எடுப்பது, எரிவாயு உருளையை உருட்டுவது. காலி உருளைதானே என்று ஏமாறாதீர்கள், இரும்பின் எடை இருக்கிறது. பெருமாள் முன்னால் சாஷ்டாங்கமாக விழுவது. எனக்கு அதை விடத்தான் மனம் வரவில்லை. இப்போது நின்று கும்பிடுகிறேன். பெருமாளே படுத்துக்கொண்டுதான் இருக்கிறார், கோபித்துக்கொள்ளமாட்டார்.

தரையில் கிடப்பதை எடுக்க வேண்டும் என்றால் முதுகை நேராக வைத்து, மேடையைப் பிடித்து, முட்டியையும் இடுப்பையும் மடக்கி இறங்க வேண்டும். திரும்ப வேண்டும் என்றால் இடுப்பைத் திருகாமல் காலை எடுத்து வைத்து முழு உடம்பையும் திருப்ப வேண்டும். படுக்கையிலிருந்து எழும்போது மரக்கட்டையை உருட்டுவது மாதிரி ஒருக்களித்து, காலைக் கீழே தொங்கவிட்டு, கையை ஊன்றி.

9 டிசம்பர்

பஸ்ஸைப் பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்வேன். சிகிச்சைக்குப் போகும் பஸ்ஸில் கடைசி இருக்கையில் உட்காராதீர்கள். பின்சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் பகுதி, வேகத்தடையில் ஏறி இறங்கும்போது தூக்கிப் போடும். முள்ளெலும்பில் அந்த அடி நேராக இறங்கும். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவில் உட்காருங்கள். ஆட்டோ என்றால் மெதுவாகப் போகச் சொல்லுங்கள். இருபது ரூபாய் கூடக் கேட்டால் கொடுத்துவிடுங்கள்.

28 டிசம்பர்

மார்கழி. ஐந்தரைக்கு உத்திர வீதியில் நடந்துகொண்டிருந்தேன். கோலம் வாசலைத் தாண்டி நடுத்தெரு வரைக்கும் வந்துவிட்டது. சாணி உருண்டையில் பரங்கிப்பூ. மிதிக்க மனம் வராது; தாண்டலாம் என்றால் தாண்டக்கூடாது; சுற்றிப்போனால் எதிரில் மாடு. தெளித்த தண்ணீரில் தெரு வழுக்குகிறது. ஒரு நாள் சறுக்கி, கை தானாக மேலே போனது. பஸ் கம்பியைத் தேடி. அங்கே கம்பி இல்லை, வானம்தான் இருந்தது. விழவில்லை. ஆனால் அன்றிலிருந்து ஆறரைக்குத்தான் கிளம்புகிறேன், வெளிச்சத்தில், தெரு காய்ந்த பிறகு.

12 ஜனவரி 2025

ஏகாதசிக்குப் பரமபத வாசல் போனீர்களா என்று ஒரு ஸ்ரீரங்கத்துக்காரர் கேட்டிருக்கிறார். 10ஆம் தேதி போகவில்லை. அந்தக் கூட்டத்தில் ஒரு முழங்கை விலாவில் பட்டால் போதும். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஒலிபெருக்கியில் கேட்டேன். கூட்டம் வடிந்த ஒரு நாள் போய்க்கொள்கிறேன்.

19 ஜனவரி

முன்பு ஒரு பதிலில், புரோஸ்டேட் புற்று எலும்பைக் கரைக்காது, கெட்டிப்படுத்தும், அதனால் மற்றப் புற்றுகள் அளவுக்குப் பயம் இல்லை என்று எழுதியிருந்தேன். அதை எடுத்துவிட்டேன். இயன்முறைப் பெண்ணிடம் பெருமையாகச் சொன்னேன், திட்டு வாங்கினேன். பெரும்பாலும் புரோஸ்டேட்டில் புது எலும்பு வளரும். எக்ஸ்ரேயில் வெள்ளையாக, திடமாகத் தெரியும். ஆனால் அது ஒழுங்கில்லாமல் வளர்ந்த எலும்பு. அவள் சொன்ன உவமை: செங்கலை அடுக்கிக் கட்டிய சுவர் ஒன்று, அதே செங்கலைக் கொட்டிச் சுண்ணாம்பு ஊற்றிய குவியல் ஒன்று. எடை கூடுதல், தாங்குவது குறைவு. சிறுநீரகப் புற்று, மைலோமா என்ற மஜ்ஜைப் புற்று போன்றவை எலும்பை அரித்து ஓட்டை போடும். முறிவுப் பயம் அவற்றில் அதிகம் என்பது உண்மைதான். அதற்காக நமக்குப் பயமில்லை என்று ஆகாது. நான் எழுதியதை நம்பி யாராவது குடம் தூக்கியிருந்தால் மன்னிக்க வேண்டும்.

6 பிப்ரவரி

குடம் தூக்கியது நான்தான்.

குடமில்லை, வாளி. முக்கால் வாளித் தண்ணீர். குழாயடியிலிருந்து எடுத்துத் திரும்பி வைக்க வேண்டும். இரண்டு அடி தூரம். காலை எடுத்து வைக்காமல் இடுப்பைத் திருப்பினேன். வலது விலாவில் குச்சி ஒடிந்த மாதிரி ஒரு சத்தம். காதால் கேட்டேனா, உடம்பால் கேட்டேனா தெரியவில்லை. மூச்சை இழுத்தால் குத்துகிறது. தும்மல் வந்தால் உயிர் போகிறது. ஸ்கேனில், நோய் இருக்கும் விலாவில் கீறல். விலாவுக்குக் கட்டுப் போடுவதில்லை. வலி மாத்திரையும் காலமும்தான்.

டிசம்பரில் நான் எழுதியதை மனைவி எடுத்து எனக்கே வாசித்துக் காட்டினாள். 'குனிவது, திருகுவது, இரண்டையும் சேர்த்து' என்ற இடத்தில் நிறுத்தி, கண்ணாடிக்கு மேல் என்னைப் பார்த்தாள்.

11 பிப்ரவரி

ஆக, பயிற்சி ஆபத்து என்று நிரூபணமாகிவிட்டதல்லவா என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இல்லை. இரண்டு வருடம் பயிற்சியில் ஒன்றும் ஆகவில்லை. பயிற்சி இல்லாத ஒரு நிமிடத்தில் ஆனது. குளியலறையும் குழாயடியும்தான் எனக்கு ஆபத்து.

ஆதாரம் கேட்டவருக்கு: ஆஸ்திரேலியாவின் எடித் கோவன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் புரோஸ்டேட் புற்று எலும்புக்குப் பரவிய 57 ஆண்களை வைத்துச் செய்த சோதனை 2018இல் வெளிவந்தது. பாதிப் பேருக்கு மூன்று மாதப் பயிற்சி, பாதிப் பேருக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். முக்கியமான சங்கதி, எல்லாருக்கும் ஒரே பயிற்சி இல்லை. நோய் எங்கே இருக்கிறதோ அந்த எலும்பில் பளு விழாமல், மற்ற இடங்களுக்கு வேலை கொடுத்தார்கள். பயிற்சி செய்தவர்களின் உடல் இயக்கம் மேம்பட்டது. பயிற்சியால் எலும்பு முறிந்தவர் இல்லை, எலும்பு வலியும் கூடவில்லை. 57 பேர் என்பது ஒரு பஸ்ஸுக்குள் அடங்கிவிடும் கூட்டம்தான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

பரவிய மார்பகப் புற்றுநோயில் இன்னும் பெரிது: 357 பேர், ஐரோப்பிய நாடுகளிலும் ஆஸ்திரேலியாவிலும், ஒன்பது மாதப் பயிற்சி, 2024இல் வந்தது. களைப்பு குறைந்தது, வாழ்க்கைத் தரம் கூடியது. நிலையற்ற எலும்பு உள்ளவர்களை அதில் சேர்க்கவில்லை. ஆக முதல் கேள்வி மறுபடியும் அதேதான்: எந்த எலும்பு, எவ்வளவு?

3 மார்ச்

வேர்த்துக் கொட்டுவதைப் பற்றி ஒரு தம்பி வெட்கப்பட்டுக்கொண்டு கேட்டிருக்கிறார். வெட்கம் என்ன? ஊசியால் வருவது. ராத்திரி இரண்டு மணிக்குக் காது மடல் சூடாகி, கழுத்தில் ஏறி, பனியன் நனையும். நான் புலம்பினேன். மனைவி புரண்டு படுத்துக்கொண்டே, "எனக்குப் பதினைந்து வருடத்துக்கு முன்னால் வந்தது, அப்போது நீங்கள் குறட்டை விட்டுக்கொண்டிருந்தீர்கள்" என்றாள். பதில் சொல்ல வாய் இல்லை.

2 ஏப்ரல்

இடது தொடை. பத்து நாளாக, கால் ஊன்றும்போதெல்லாம் இடுப்புக்குக் கீழே ஒரு வலி. உட்கார்ந்தால் இல்லை. மற்ற வலிகளுக்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு. பளு ஏறும்போது வருகிற வலி என்றால் நடப்பதை அன்றே நிறுத்திவிட்டுப் போய்ப் படம் எடுக்க வேண்டும் என்று அந்தப் பெண் தலையில் அடித்த மாதிரி சொல்லியிருந்தாள். நிறுத்தினேன். இரண்டு நாள் தாமதித்துத்தான் போனேன் என்பதை அவளிடம் சொல்லவில்லை.

7 ஏப்ரல்

நீண்ட எலும்பு முறியும் வாய்ப்பை அளக்க மிரெல்ஸ் மதிப்பெண் என்று ஒன்று 1989இலிருந்து இருக்கிறது. இடம், வலி, எலும்பின் தன்மை, அளவு. நான்குக்கும் ஒன்றிலிருந்து மூன்று வரை. ஏழும் அதற்குக் கீழும் என்றால் பெரும்பாலும் கதிர்வீச்சு. ஒன்பதும் அதற்கு மேலும் என்றால் முறிவதற்கு முன்பே உள்ளே கம்பி வைத்துவிடுவது நல்லது. எட்டு என்பது இரண்டுங்கெட்டான்.

என் கணக்கு: தொடையின் மேல்முனை, 3. கெட்டிப்பட்ட வகை, 1. எலும்பின் குறுக்களவில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழ், 1. மீதி வலி. நடுத்தரம் என்றால் 2, ஊன்றினால் வருகிறது என்றால் 3. மொத்தம் ஏழா, எட்டா? என் வலி இரண்டா மூன்றா என்று இரண்டு மருத்துவர்கள் என் முன்னாலேயே வாதாடினார்கள். டிக்கெட் கட்டணம் மாறும் ஸ்டேஜ் தாண்டிவிட்டதா இல்லையா என்று பயணியோடு நான் சண்டை போட்ட நாளெல்லாம் ஞாபகம் வந்தது. கடைசியில் எட்டு என்று எழுதி, ஒரே தடவைக் கதிர்வீச்சு, 8 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு), ஆறு வாரம் கைத்தடி, பிறகு மறுபடி படம் என்று முடிவானது. படம் மோசமானால் கம்பி.

15 ஏப்ரல்

கதிர்வீச்சு படுத்த பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. முதல் இரண்டு நாள் வலி கூடியது. கூடலாம் என்று முன்பே சொல்லியிருந்தார்கள், அதனால் பயப்படவில்லை. வலி போனாலும் எலும்பு உடனே கெட்டிப்பட்டுவிடாது, வாரக்கணக்கில் ஆகும், வலி இல்லை என்று ஆடாதீர்கள் என்றார் மருத்துவர். என் முகத்தைப் பார்த்தே சொன்ன மாதிரி இருந்தது.

18 ஏப்ரல்

கைத்தடியை எந்தக் கையில் பிடிப்பது? வலிக்கிற கால் இடது, அதனால் இடது கையில் பிடித்துக்கொண்டு ஒரு வாரம் நடந்தேன். தெருவில் யாரும் தப்பு என்று சொல்லவில்லை. சினிமாவில்கூட அப்படித்தான் பிடிக்கிறார்கள். அந்தப் பெண் பார்த்ததும் பிடுங்கி வலது கையில் கொடுத்தாள். நோய்க்காலுக்கு எதிர்க் கை. நோய்க்காலும் தடியும் ஒன்றாக முன்னால் போக வேண்டும். அப்போதுதான் இடுப்புமீது விழும் பளு குறையும். உயரம், கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு மடிப்பு எங்கே வருகிறதோ அங்கே பிடி. படியில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது தடியும் நோய்க்காலும் முதலில்.

தடியோடு இருக்கும் இந்த நாட்களிலும் பயிற்சி நிற்கவில்லை, இடம் மாறியது. உட்கார்ந்துகொண்டு கைக்கு ரப்பர் பட்டை இழுப்பது. வலது காலை உட்கார்ந்தபடியே நீட்டி மடக்குவது. மெதுவாக இழுத்து மூச்சு விடுவது; விலாவும் அதற்கு ஒத்துக்கொண்டது.

9 மே

இதைச் சிரிக்காமல் படியுங்கள். ஊசி ஏற்றும் இடத்தில் எனக்கு அடுத்த படுக்கைக்காரர். கால் இரண்டும் பஞ்சு மாதிரி இருக்கிறது என்று வீட்டில் சொல்லியிருக்கிறார். வாயு என்று எண்ணெய் காய்ச்சித் தேய்த்திருக்கிறார்கள். மறுநாள் ஒருவரை வரவழைத்து முதுகை உருவியிருக்கிறார்கள். மூன்றாம் நாள் சிறுநீர் நின்றுவிட்டது. முதுகுத் தண்டை நோய் நெருக்கியிருக்கிறது. இப்போது சக்கர நாற்காலி.

முதுகில் புதிதாக ஒரு வலி, முக்கியமாகப் படுத்தால் கூடுகிற வலி; கால் பலம் குறைதல்; உட்காரும் இடத்தில் மரத்துப்போதல்; சிறுநீரோ மலமோ கட்டுக்குள் இல்லாமல் போதல். இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றைக்கே, ராத்திரி என்றாலும், மருத்துவமனை. அன்றைக்கே எம்.ஆர்.ஐ. பயிற்சியும் வேண்டாம், எண்ணெயும் வேண்டாம். நடந்துகொண்டிருக்கும்போதே போனால் நடையைக் காப்பாற்ற வாய்ப்பு அதிகம். நோயுள்ள எலும்பை யாரும் அழுத்தி உருவ விடாதீர்கள்.

27 மே

படம் வந்தது. தொடை அப்படியே இருக்கிறது, கொஞ்சம் தேறியும் இருக்கிறது என்றார். கம்பி வேண்டாம். ஆனால் தடி இருக்கட்டும்.

14 ஜூன்

மருமகன் ஒரு செய்தியை அனுப்பி, 'மாமா, உடற்பயிற்சி மருந்தைவிடச் சிறந்ததாம், நிரூபித்துவிட்டார்கள்' என்கிறார். இங்கேயும் இரண்டு பேர் அதையே ஒட்டியிருக்கிறீர்கள். இந்த மாதம் வந்த அந்தச் சோதனை நல்ல சோதனைதான்: பெருங்குடல் புற்றுநோய், 889 பேர், மூன்று வருடம் கண்காணித்த பயிற்சி. ஐந்து வருட முடிவில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் பயிற்சிக் குழுவில் 80 சதவீதம், மற்றக் குழுவில் 74 சதவீதம். ஆனால் அவர்கள் அறுவையில் கட்டியை எடுத்து, கீமோவும் முடித்தவர்கள். மருந்துக்குப் பதிலாக நடந்தவர்கள் இல்லை. மருந்து எடுத்த பிறகு நடந்தவர்கள். நம் நோய் வேறு, நிலை வேறு.

நான் நடப்பதால் என் பி.எஸ்.ஏ. ஒரு புள்ளிகூட இறங்கவில்லை. அதை இறக்கியது மாத்திரை. நடை கொடுத்தது கழிப்பறைக்கு நானே போய் நானே வருவது. மாப்பிள்ளைக்கு இப்படி எழுதினேன். கட்டைவிரலை உயர்த்தி ஒரு படம் அனுப்பியிருக்கிறார், படித்தாரா தெரியாது.

22 ஜூன்

ஒரு நாளைக்குப் பத்தாயிரம் அடி கட்டாயமா? பத்தாயிரம் என்பது 1965இல் ஜப்பானில் ஒரு நிறுவனம் விற்ற அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து வந்தது. விற்பனைக்கு வைத்த பெயர். என் கணக்கு 2,800. களைப்பான நாளில் 900. வீட்டுக்குள் நடந்ததும் சேர்த்துத்தான்.

13 ஜூலை

இரண்டு வாரமாக 600 தாண்டவில்லை. மாடிப்படியில் நான்காவது படியிலேயே மூச்சு வாங்கியது. எலும்பு என்று நினைத்தேன், ரத்தம். ஹீமோகுளோபின் 7.6. மஜ்ஜையில் நோய் இடம் பிடித்தால் ரத்தம் ஊறுவது குறையும். ரத்தம் ஏற்றினார்கள். அதுவரை நாற்காலிப் பயிற்சிகூட வேண்டாம் என்றார்கள். 'சோம்பேறியாகிவிட்டேன்' என்று பத்து நாளாக என்னையே திட்டிக்கொண்டிருந்தேன், வீணாக.

3 ஆகஸ்ட்

ஆடிப் பெருக்கு. அம்மா மண்டபம் படித்துறை வரைக்கும் நடந்தேன். கீழே இறங்கவில்லை. படிகளில் பாசி, மஞ்சள் தண்ணீர், வாழைப்பழத் தோல், ஈரப் புடவைகள். மேல்படியில் ஒரு கல்லைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பழைய கண்டக்டர் நிலையில், ஒரு கால் முன்னால், நின்றேன். மனைவி மட்டும் இறங்கிப் போய் விளக்கு விட்டாள். ஒரு காலத்தில் இந்தப் படியில் அவளுக்கு நான் கை கொடுத்து இறக்குவேன். ஏறி வரும்போது அவள் எனக்குக் கை நீட்டினாள். நான் தடியைக் காட்டினேன். இரண்டையும் பிடிக்க வேண்டியதாயிற்று.

20 ஆகஸ்ட்

கரூர் வாசகி எழுதியிருக்கிறார். அப்பா தறிக்கூடம் வரைக்கும் போய் வருகிறாராம்; முதுகுக்கு ஒரு பெல்ட் கொடுத்திருக்கிறார்களாம்; அம்மா பின்னாலேயே போகிறாராம், இருபது அடி தள்ளி, தெரியாத மாதிரி. அப்பாவுக்குத் தெரியும் என்று அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள்.

பல்லைப் பற்றிக் கேட்டதற்கு: எலும்புக்கான மருந்துகளான ஜோலெட்ரோனிக் அமிலமோ டெனோசுமாபோ தொடங்குவதற்கு முன்னால் பல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். பிறகு பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகலாம். கால்சியமும் வைட்டமின் டி-யும் கொடுத்திருந்தால் விடாமல் சாப்பிடச் சொல்லுங்கள். முதல் தடவை ஏற்றிய மறுநாள் காய்ச்சலும் உடம்பு வலியும் வரலாம், எனக்கு வந்தது.

11 செப்டம்பர்

தடி வழுக்குகிறது என்று நேற்று கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் இருக்கும் ரப்பர் குமிழ் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து உள்ளே இரும்பு தெரிகிறது. ஐந்து மாதத்தில். நான் எந்தப் பக்கம் சாய்கிறேன் என்று அதைப் பார்த்தே அந்தப் பெண் சொல்லிவிட்டாள். இன்னும் ஒரு சொச்சம் இடுப்பை வளைக்கிறேனாம். தடி வைத்திருக்கும் எல்லாரும் இன்றைக்கே கவிழ்த்துப் பாருங்கள். குமிழ் மட்டும் தனியாகக் கிடைக்கிறது, மருந்துக் கடையில் நாற்பது ரூபாய். தடியின் பருமனை அளந்து கொண்டுபோங்கள். நான் அளக்காமல் போய் இரண்டு தடவை அலைந்தேன். இன்றைய நடை 1,140 அடி.